லாகின் கொடுக்கும் முன் ஆளை விசாரியுங்கள்

கன்னியாகுமரி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நம் மாவட்டத்து அரசு அலுவலகங்களில் கணினி முன்னால் உட்காரும் ஒவ்வொருவரையும், நிரந்தரப் பணியாளரோ ஒப்பந்தப் பணியாளரோ ஏஜென்சி அனுப்பியவரோ, லாகின் கொடுப்பதற்கு முன் காவல்துறை மூலம் விசாரித்துவிட்டுத்தான் உட்கார வைக்க வேண்டும் என்று கேட்டு இந்தத் திறந்த மடலை எழுதுகிறேன். கூடவே இன்னொரு கோரிக்கையும் உண்டு. அந்த விசாரணையில் ஒருவர் மேல் போராட்ட வழக்கு இருப்பது தெரியவந்தால், அதை மட்டும் காட்டி அவர் பிழைப்பில் மண்ணைப் போடக் கூடாது. முதல் கோரிக்கையை ஏற்று இரண்டாவதை விட்டுவிடுவதாக இருந்தால் எதையும் செய்யாமல் இருப்பதே மேல். குமரியில் இவை இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது.

கிராம நிர்வாக அலுவலராகத் தொடங்கித் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். அடங்கலையும் சிட்டாவையும் கையால் எழுதிய காலத்தில் வேலைக்கு வந்தேன். 'தமிழ் நிலம்' மென்பொருள் வந்து அதே வேலை திரைக்கு மாறியதையும் பார்த்தேன். கையெழுத்துப் பதிவேட்டில் ஒரு பெயரை அடித்து இன்னொரு பெயரை எழுதினால் அடித்த இடம் தெரியும், மையின் நிறம் தெரியும், யார் கையெழுத்து என்று அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். திரையில் அப்படி எதுவும் தெரிவதில்லை. எந்த லாகினில் மாற்றம் நடந்தது, எத்தனை மணிக்கு நடந்தது என்ற விவரம் மட்டும் பதிவாகும். அந்த நேரத்தில் அந்த நாற்காலியில் உண்மையில் உட்கார்ந்திருந்தது யார் என்பதைக் கணினி சொல்லாது.

பட்டா மாறுதல், சாதிச் சான்று, வருமானச் சான்று, வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை, குடும்ப அட்டையில் பெயர் சேர்ப்பு, நீக்கம், வீட்டு வரி, பிறப்பு இறப்புப் பதிவு என்று ஒரு குடும்பத்தின் மொத்த விவரமும் இன்று ஏதோ ஒரு அரசுக் கணினியில் இருக்கிறது. அந்தக் கணினிக்கு முன்னால் நாள் முழுக்க இருப்பது பெரும்பாலும் அதிகாரி இல்லை. அதிகாரி களப்பணியில் இருப்பார், கூட்டத்தில் இருப்பார், நீதிமன்றத்தில் இருப்பார். திரையைப் பார்த்து டைப் செய்துகொண்டிருப்பது ஒரு தற்காலிக ஆபரேட்டர்.

தேர்வாணையத் தேர்வு எழுதி நிரந்தர வேலைக்கு வருகிறவரை அரசு எப்படி விசாரிக்கிறது என்று தாங்கள் அறிவீர்கள். சான்றுறுதிப் படிவத்தில் எந்த வழக்கிலாவது கைதானது உண்டா, தண்டனை உண்டா, நிலுவை உண்டா என்று கேட்டு எழுதி வாங்குவோம். அவர் ஊர்க் காவல் நிலையத்திலிருந்து ஏட்டையா வந்து வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் விசாரிப்பார். காவல்துறைத் தனிப்பிரிவின் அறிக்கை போகும். எனக்கும் அப்படித்தான் நடந்தது. தெருவில் இரண்டு நாள் அதே பேச்சு. ஆனால் ஏஜென்சி மூலம் வருகிற ஆபரேட்டரிடம் நான் இருந்த அலுவலகங்களில் கேட்டது வேறு. டைப்ரைட்டிங் லோயரா ஹையரா, அலுவலகக் கணினிப் பயிற்சிச் சான்றான சி.ஓ.ஏ. முடித்திருக்கிறாயா, தமிழில் எவ்வளவு வேகம் வரும், நாளைக்கே வர முடியுமா. இவ்வளவுதான். ஆதார் அட்டை நகல் ஒன்று வாங்கி ஃபைலில் வைப்போம். மறுநாள் காலை அந்தப் பிள்ளை ஒரு வட்டத்தின் நில ஆவணங்கள் அத்தனையும் திறக்கிற நாற்காலியில் உட்கார்ந்துவிடும்.

அரசுக்கு எச்சரிக்கை உணர்வு புதிது இல்லை. கருவூலத்தில் முத்திரைத்தாளும் விலைமதிப்புள்ள பொருளும் இரட்டைப் பூட்டில் இருக்கும். ஒரு சாவி அதிகாரியிடம், இன்னொன்று பொறுப்பாளரிடம். இருவரும் வந்தால்தான் கதவு திறக்கும். ரொக்கம் கையாளும் பணியாளரிடம் பிணையம் எழுதி வாங்கும் வழக்கம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இருக்கிறது. பணம் இருக்கிற இடத்தில் ஆளை நம்பியும் நம்பாமலும் இருக்கப் பழகிய அதே அரசு, அந்தப் பணத்தைவிடப் பல மடங்கு பெறுமானமுள்ள நில ஆவணத்தை ஒரே பாஸ்வேர்டில் விட்டு வைத்திருக்கிறது. அந்தப் பாஸ்வேர்டையும் கீபோர்டுக்கு அடியில் துண்டுத்தாளில் எழுதி ஒட்டி வைத்திருக்கிறார்கள். அலுவலரின் டிஜிட்டல் கையொப்பம் அடங்கிய டோக்கனைக் காலையில் கணினியில் சொருகினால் சாயங்காலம் அலுவலகம் பூட்டும்வரை அது அங்கேயே இருக்கும். சில இடங்களில் பூட்டிய பிறகும் இருக்கும். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. முன்னறிவிப்பு இல்லாமல் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் தாங்களே பார்க்கலாம்.

இந்தப் பிரச்சினை தமிழ்நாடு முழுக்க உள்ளதுதான். ஆனால் குமரிக்கு அது கூடுதலாக வலிக்கும். இங்கே நிலம் சென்ட் கணக்கில்தான் கைமாறும். ஐந்து சென்ட், எட்டு சென்ட் என்று துண்டு துண்டாகக் கிடப்பதால் எல்லைத் தகராறும் பாகத் தகராறும் இல்லாத தெரு குறைவு. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியில் இருந்ததால் பழைய பத்திரங்கள் பல மலையாளத்தில் இருக்கின்றன. பேரப்பிள்ளைகளுக்கு அதை வாசிக்கத் தெரியாது. கணினியில் என்ன பெயர் வருகிறதோ அதுதான் அவர்களுக்குச் சொத்து. சொத்துக்காரரோ துபாயிலோ மஸ்கட்டிலோ குவைத்திலோ இருப்பார். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கத்து ஆழ்கடல் மீனவர் என்றால் வாரக்கணக்கில் கடலில் இருப்பார், சிக்னலே இருக்காது. பட்டாவில் பெயர் மாறியதாகக் குறுஞ்செய்தி வந்தாலும் பார்க்க ஆள் இல்லை. ஆள் ஊரில் இல்லாத நிலம் எது என்று அலுவலகத்துக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு நன்றாகத் தெரியும். தீர்வை ரசீதைப் பார்த்தாலே போதும், கட்ட வந்தது யார், கையெழுத்துப் போட்டது யார் என்று புரிந்துவிடும்.

நான் அருகிலிருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். அலுவலகத்தின் பெயர் வேண்டாம், சம்பந்தப்பட்ட குடும்பத்துக்கு இன்னும் அதே ஊரில் வாழ வேண்டியிருக்கிறது. மலையோரக் கிராமம் ஒன்றில் வளைகுடாவில் வேலை பார்ப்பவருக்குக் கொஞ்சம் ரப்பர் தோட்டம். மகளின் படிப்புக் கடனுக்காக அவர் மனைவி சிட்டா எடுக்க இ-சேவை மையத்துக்குப் போனார். அச்சடித்து வந்த தாளில் கணவர் பெயருக்குக் கீழே கூட்டுப் பட்டாதாரராக முன்பின் தெரியாத ஒரு பெயர். அந்த அம்மா தாளைத் திருப்பிக் கொடுத்து, 'இது எங்க நிலம் இல்ல, வேற யாருக்கோ உள்ளது எடுத்துட்டீங்க மக்கா' என்றாராம். சர்வே எண்ணைச் சரிபார்த்தார்கள். அவர்களுடையதுதான்.

நிலத்தை அளந்து பிரிக்கத் தேவையில்லாத, அதாவது உட்பிரிவு இல்லாத இனமாக விண்ணப்பம் பதிவாகி, ஒப்புதலும் ஆகியிருந்தது. ஒப்புதல் ஆன நேரம் இரவு ஏழு மணிக்கு மேல். அந்த நேரத்தில் லாகினுக்குச் சொந்தக்காரரான அலுவலர் தேர்தல் பயிற்சிக்காக நாகர்கோவிலில் இருந்தார், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இருந்தது. பாஸ்வேர்டு தெரிந்த இன்னொருவர் தற்காலிக ஆபரேட்டர். பிறகு விசாரித்ததில், அந்த ஆள் மேல் பக்கத்து மாவட்டத்தில் போலி நகையை அடகு வைத்து நிதி நிறுவனத்தை ஏமாற்றிய வழக்கு நிலுவையில் இருந்தது தெரியவந்தது. அவர் அதை மறைக்கவில்லை. யாரும் கேட்கவே இல்லை, எந்தப் படிவத்திலும் அந்தக் கேள்வி இல்லை.

அலுவலருக்கு 17(பி) குறிப்பாணை, அதாவது ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றச்சாட்டு, வந்தது. ஓய்வு பெற இருந்த நேரத்தில் அந்த மனிதர் பட்ட அவமானத்தை நான் நேரில் பார்த்தேன். பாஸ்வேர்டைக் கொடுத்தது அவர் தவறுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் முடித்தே ஆக வேண்டிய விண்ணப்பங்கள் நிலுவையில் குவிந்து கிடக்க, வாராந்திரக் கூட்டத்தில் 'உங்க பெண்டிங் ஏன் குறையல' என்று நிற்க வைத்துக் கேட்கும்போது, எந்த அலுவலரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். அந்தக் குடும்பம் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்து பெயரை நீக்க மாதக்கணக்கில் நடந்தது. வளைகுடாவிலிருந்து அவர் விடுப்புப் போட்டு வர வேண்டியிருந்தது. ஆபரேட்டர் வேலையை விட்டுப் போய்விட்டார், ஏஜென்சி வேறு ஆளை அனுப்பியது. புதிதாக வந்தவரையும் யாரும் விசாரிக்கவில்லை.

இதைவிடப் பெரிய அளவில் நடந்ததை நாடே பார்த்தது. பி.எம். கிசான் திட்டத்தில் விவசாயிக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக. 2020 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் வெளிச்சத்துக்கு வந்த மோசடியில், தகுதியே இல்லாத ஐந்தரை லட்சம் பேர் வரை பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். போன பணம் 110 கோடி ரூபாய் அளவில் என்று அரசே சொன்னது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் பக்கம் பெரிதாக வெடித்தது. வேளாண் துறை அலுவலர்களின் லாகினும் பாஸ்வேர்டும் புரோக்கர்கள் கைக்கும் தனியார் கம்ப்யூட்டர் சென்டர்களுக்கும் போயிருந்தன. ஒப்பந்தப் பணியாளர்கள் 80 பேர் நீக்கப்பட்டார்கள், அலுவலர்கள் 34 பேர் மேல் துறை நடவடிக்கை பாய்ந்தது, சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது.

காவல்துறைச் சரிபார்ப்பு மட்டும் இருந்திருந்தால் இந்த மோசடி நின்றிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். முதல் தடவை தப்புச் செய்கிறவர் மேல் பழைய வழக்கு இருக்காது. முன்வரலாற்றை விசாரிப்பதால் ஏற்கெனவே கை வைத்துப் பழகியவரைத் தடுக்கலாம், மற்றவரைத் தடுப்பதற்கு ஒருவர் லாகினை இன்னொருவர் தொடாதபடி செய்தாக வேண்டும். ஒன்று இருந்தால் மற்றது தேவையில்லை என்று யாராவது தங்களிடம் சொன்னால் ஏற்காதீர்கள்.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகர நிர்வாகத்தில் 2008இல் நடந்ததை இந்த இடத்தில் நினைக்கிறேன். நகரத்தின் கணினி வலையமைப்பைக் கவனித்துவந்த பொறியாளர் ஒருவர் அதன் பாஸ்வேர்டுகளை மேலதிகாரிகளுக்குத் தர மறுத்தார். கைதாகிச் சிறையில் இருந்தபோதுதான், மேயரே நேரில் போய்க் கேட்ட பிறகு கொடுத்தார். 2010இல் நான்கு ஆண்டுத் தண்டனை. இருபது ஆண்டுகளுக்கும் முன்பு கொள்ளை வழக்கு ஒன்றில் அவர் தண்டனை பெற்றிருந்தார் என்று செய்தி வந்ததும், அரசு ஊழியர்களின் குற்றப் பின்னணியைச் சோதிப்பது பற்றி அங்கே கேள்வி எழுந்தது. என் பார்வையில் அந்தப் பழைய வழக்கு இரண்டாவது விஷயம். ஒரு நகரத்தின் வலையமைப்புச் சாவி முழுவதும் ஒரே ஒருவரிடம் இருக்கும்படி விட்டதுதான் முதல் விஷயம். ஆளை எவ்வளவு சோதித்திருந்தாலும் அந்த ஓட்டை அப்படியே இருந்திருக்கும்.

அங்கே காவல்துறையின் குற்றப் பதிவுகளைத் திறக்கும் கணினிக்கு அருகில் போகிற எவருக்கும், ஒப்பந்தக்காரரின் ஆளாக இருந்தாலும், கைரேகை வைத்துச் சோதனை உண்டு. மத்திய வரித் தகவலைத் தொடுகிறவர்களுக்கும் அப்படியே, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடியும். பிரிட்டனில் அரசுப் பணிக்கு வருபவரின் அடையாளம், முந்தைய வேலைகள், குற்றப் பதிவு மூன்றையும் பார்க்கிறார்கள். ஆனால் 1974ஆம் ஆண்டின் குற்றவாளிகள் மறுவாழ்வுச் சட்டப்படி, குறிப்பிட்ட காலம் கடந்த பழைய சிறு தண்டனைகளைப் பெரும்பாலான வேலைகளுக்குக் கணக்கில் எடுக்க முடியாது. தப்புச் செய்தவன் திருந்தி வாழ்ந்துவிட்டால் அதை ஒரு கட்டத்தில் விட்டுவிட வேண்டும் என்பதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். நம்மிடம் அந்த அளவு தெளிவு வேண்டும்.

போராட்ட வழக்குகளுக்கு வருகிறேன். இதை நான் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

2017 நவம்பர் 30 ஒக்கி புயல் நம் கடற்கரையை என்ன செய்தது என்று சொல்லத் தேவையில்லை. காணாமல் போனவர்களைத் தேடக் கப்பல் அனுப்புங்கள் என்று கேட்டு, டிசம்பர் 7ஆம் தேதி கடற்கரை ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கில் நடந்து வந்து குழித்துறை ரயில் நிலையத்தில் உட்கார்ந்தார்கள். பெண்கள், முதியவர்கள், கல்லூரிப் பிள்ளைகள். அதற்கு வழக்குப் பதிவானது. இனயம் துறைமுகத் திட்டத்தை எதிர்த்தபோதும் வழக்கு. பக்கத்தில் கூடங்குளம் அணு உலைக்கு எதிராகப் போராடிய இடிந்தகரைக்காரர்கள் மேல் தேசத்துரோகப் பிரிவுகூடப் போட்டார்கள். அந்த வழக்குகளைத் திரும்பப் பெறப் பார்க்கும்படி 2013 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொன்னது.

எதற்குச் சொல்கிறேன் என்றால், காவல் நிலையப் பதிவேட்டைத் திறந்து 'வழக்கு உண்டு, இல்லை' என்று இரண்டே கட்டம் போட்டால், கடற்கரை ஊர்களில் படித்து வந்த ஒரு தலைமுறையே 'உண்டு' பக்கம் போய்விடும். வீட்டில் முதல் பட்டதாரியாக, சி.ஓ.ஏ. முடித்து, தாலுகா அலுவலகத்தில் தொகுப்பூதியத்தில் சேர்ந்த பெண் ஒருத்தியின் பெயர், அப்பாவைத் தேடச் சொல்லி ரயில் பாதையில் உட்கார்ந்ததற்காக முதல் தகவல் அறிக்கையில் இருக்கலாம். அவளை வெளியே அனுப்பிவிட்டு, எந்தப் போராட்டத்துக்கும் போகாத, ஆனால் நாலு பேரிடம் சீட்டுப் பணம் ஏமாற்றி ஊருக்குள் சமரசம் பேசி வழக்கே இல்லாமல் தப்பித்த ஒருவரை அந்த இடத்தில் உட்கார வைப்போம். இப்படி நடக்கும் என்ற பயத்தில்தான் மீனவர் அமைப்புகளும் இளைஞர் அமைப்புகளும் சரிபார்ப்பு என்ற பேச்சை எடுத்தாலே முகம் சுளிக்கிறார்கள். அவர்கள் பயம் நியாயமானது.

எதைப் பார்க்க வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்தால் இந்தப் பயத்துக்கு இடமிருக்காது. ஏமாற்றுதல், போலி ஆவணம், நம்பிக்கை மோசடி, திருட்டு, லஞ்சம், ஆள்மாறாட்டம், தகவல் தொழில்நுட்பச் சட்டக் குற்றங்கள், பெண்களைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்த வழக்குகள். கடைசியாகச் சொன்னதை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. ஒரு பெண்ணின் முகவரியும் கைபேசி எண்ணும் குடும்ப விவரமும் ஒரே கிளிக்கில் வருகிற கணினி அது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 420, 468, 471. 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 318, 336 என்று பிரிவு எண்ணையே குறிப்பிட்டு எழுதலாம். போராட்டத்தில் வழக்கமாகப் போடுகிற 143 (சட்டவிரோதமாகக் கூடியது), 188 (உத்தரவை மீறியது), 341 (வழிமறித்தது) போன்றவற்றை, புதிய சட்டத்தில் அவற்றுக்கு இணையானவற்றையும் சேர்த்து, கணக்கில் எடுக்கக் கூடாது என்றும் அதே தாளில் எழுத வேண்டும்.

இதற்குச் சட்டத் துணை இருக்கிறது. வேலைக்குச் சேரும்போது பழைய வழக்கை மறைத்தால் என்ன செய்வது என்பது பற்றி, 2016 ஜூலை 21 அன்று அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு வகுத்துக் கொடுத்த நெறிகளைத் தங்கள் சட்டப் பிரிவு அறியும். இள வயதில் கோஷம் போட்டது போன்ற அற்பமான விஷயத்தை ஒருவர் மறைத்திருந்தால்கூட, அதை மன்னித்து விட்டுவிடும் உரிமை வேலை கொடுப்பவருக்கு உண்டு என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். படிவத்தில் கேட்கும் கேள்வி மொட்டையாக இல்லாமல் குறிப்பாக இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. நிலுவை வழக்கைத் தீர்ப்பு வந்த வழக்குபோல நடத்தக் கூடாது. மோசடி வழக்கு நிலுவையில் உள்ளவரை வேலையை விட்டே அனுப்ப வேண்டியதில்லை, தீர்ப்பு வரும்வரை லாகின் இல்லாத வேலையில் வைக்கலாம். தபால் பிரிவு, பதிவறை, முன்னறை என்று இடம் இருக்கிறது.

நடைமுறையில் இரண்டு விஷயங்களைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். முதலாவது, எல்லை. களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை. நம் ஆள் அங்கே வேலைக்குப் போகிறார், அங்குள்ளவர் இங்கே பெண் கட்டுகிறார். உள்ளூர்க் காவல் நிலையப் பதிவேட்டை மட்டும் புரட்டிவிட்டு 'பாதகமாக ஏதுமில்லை' என்று எழுதி அனுப்பினால், நெய்யாற்றின்கரையில் உள்ள வழக்கு அதில் வராது. நாடு முழுதும் காவல் நிலையங்களை இணைக்கும் சி.சி.டி.என்.எஸ். வலையமைப்பில் தேடச் சொல்லி மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் தாங்கள்தான் கேட்க வேண்டும். நான் சொன்ன அடகு வழக்குகூட வேறு மாவட்டத்தில் இருந்ததுதான்.

இரண்டாவது, ஏஜென்சி. ஆள் மாறும்போதெல்லாம் புதியவரின் சரிபார்ப்பு அறிக்கை வராமல் லாகின் திறக்கக் கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே சேருங்கள். அறிக்கை தாமதமானால் அந்த நாற்காலி காலியாக இருக்கட்டும். செலவை ஏஜென்சி ஏற்க வேண்டும். இதைச் சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகளின் முதல் மாதச் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். ஏற்கெனவே கையில் கிடைப்பது குறைவு, அதிலும் தாமதம். மூன்று மாதம் சம்பளம் வராத ஒருவரிடம் புரோக்கர் ஐந்நூறு ரூபாய் நோட்டோடு வந்து நின்றால் என்ன ஆகும் என்பதை எந்தக் காவல்துறை அறிக்கையும் முன்கூட்டிச் சொல்லாது. சம்பளம் ஒழுங்காகப் போவதும் இந்தக் கோரிக்கையில் அடக்கம்.

ஆதார் பதிவில் ஆபரேட்டர் தன் சொந்தக் கைரேகையை வைத்துத்தான் உள்ளே போக முடியும். அப்படி இருந்தும், முறைகேடு செய்ய முயன்ற 34,000 ஆபரேட்டர்கள் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டதாக 2017 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் சொன்னார்கள். கைரேகை இருக்கிற இடத்திலேயே இந்த நிலை என்றால், துண்டுத்தாளில் பாஸ்வேர்டு ஒட்டி வைத்திருக்கும் அலுவலகத்தைப் பற்றி நான் கூடுதலாக என்ன சொல்ல? ஆபரேட்டருக்கு ஆபரேட்டர் லாகின், அலுவலருக்கு அலுவலர் லாகின். ஒப்புதல் கொடுக்கும் பொத்தான் அலுவலர் கையில் மட்டும். அலுவலக நேரத்துக்குப் பிறகு நடந்த ஒப்புதல்களின் பட்டியல் மறுநாள் காலை தங்கள் மேசைக்கு வர வேண்டும். மாவட்டத்தில் மின் ஆளுமைக்கென்று மேலாளர் இருக்கிறார், அவரால் இது முடியும்.

சரிபார்ப்பு அறிக்கை வந்த பிறகு அது எங்கே போகிறது என்பதும் முக்கியம். நம் அலுவலகங்களில் ரகசியக் கடிதம் எப்படிக் கையாளப்படுகிறது என்று எனக்குத் தெரியும். உறையைப் பிரித்தது யார் என்று தெரியும் முன்பே டீக்கடைக்குச் செய்தி போய்விடும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொல்லியாகிவிட்டது, 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்குத் தனிச் சட்டமும் வந்துவிட்டது. அலுவலகத் தலைவருக்கு 'லாகின் தரலாம்' அல்லது 'தர வேண்டாம்' என்ற ஒரு வரி மட்டும் போனால் போதும். விவரம் தங்கள் அலுவலகத்தில் ஒரே ஓர் அதிகாரியின் பொறுப்பில் இருக்கட்டும். பாதகமாக அறிக்கை வந்தவரை அழைத்து, என்ன வழக்கு என்று காட்டி, அவர் தரப்பைக் கேட்க வேண்டும். பெயர் ஒற்றுமையால் அடுத்தவர் வழக்கு இவர் தலையில் விழுவது நம் ஊரில் சாதாரணம். அப்பா பெயரும் ஊர்ப் பெயரும் ஒன்றாக இருக்கிற நாலு பேரை ஒரே வார்டில் காட்ட முடியும்.

இந்த மடலை வாசிக்கும் ஆபரேட்டர் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்களைச் சந்தேகப்பட்டு இதை எழுதவில்லை. என்னோடு வேலை பார்த்த உங்களில் பலர், மழை வெள்ளத்தின்போது ராத்திரி பகலாக நிவாரணப் பட்டியல் டைப் செய்து கொடுத்தவர்கள். ஒருவர் செய்த திருட்டுக்கு அலுவலகத்தில் இருந்த எல்லா ஆபரேட்டர்களையும் வரிசையில் நிற்க வைத்து விசாரித்ததை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் பெயரில் உங்களுக்கென்று தனி லாகினும், உங்களைப் பற்றி நேர்மையான ஒரு சரிபார்ப்பு அறிக்கையும் இருந்தால், அன்று அந்த வரிசையில் நீங்கள் நின்றிருக்க வேண்டியதில்லை. அதிகாரி தன் பாஸ்வேர்டைச் சொல்லி 'நீயே முடிச்சிரு' என்றால், 'எழுத்தில் தாருங்கள் சார்' என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அப்படிக் கேட்டதற்காக எவரையும் நீக்கக் கூடாது என்று மாவட்ட ஆட்சியரிடம் இந்த மடல் மூலமாகவே கேட்டுக்கொள்கிறேன்.

ஆட்சியர் அவர்களே, இதில் மாநில அரசு ஆணை தேவைப்படும் பகுதி கொஞ்சம் உண்டு. ஆனால் லாகின்களின் பட்டியல் எடுப்பது, அலுவலகம் அலுவலகமாக அந்த லாகினை உண்மையில் பயன்படுத்துவது யார் என்று எழுதி வாங்குவது, ஏஜென்சிகளிடம் சரிபார்ப்பு கேட்பது, எந்தக் குற்றங்களைப் பார்ப்போம் எவற்றைப் பார்க்க மாட்டோம் என்று சுற்றறிக்கை விடுவது ஆகியவை தங்கள் அதிகாரத்துக்குள்ளேயே உள்ளவை. பட்டியல் எடுக்கும் வேலைக்கு ஆள் பற்றாக்குறை என்றால், வருவாய்த் துறையில் ஓய்வு பெற்ற எங்களில் சிலர் ஊதியம் இல்லாமல் வந்து செய்து தருகிறோம். எங்களுக்கும் லாகின் எதுவும் வேண்டாம், தாளும் பேனாவும் போதும். எங்களையும் முதலில் விசாரித்துவிட்டே உள்ளே விடுங்கள்.

இந்த மடலின் பிரதியை வரும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனுவாகவும் பதிவு செய்கிறேன். மனு எண் கிடைத்ததும், அதன் மேல் என்ன நடவடிக்கை என்று முப்பது நாள் கழித்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்பேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற துணை வட்டாட்சியர் ஒருவர்,
தக்கலை